பெர்க்லிக்கு எந்த வழியாகப் போவது?

மார்ச் முடிவதற்குள் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பதில்கள் ஏறக்குறைய எல்லாம் வந்துவிடும். மே 1ஆம் தேதிக்குள் ஏதாவது ஓரிடத்தில் முன்பணம் கட்டி இடத்தை உறுதி செய்தாக வேண்டும். இடையில் கிடைக்கும் அந்த நாலைந்து வாரங்களில் ஃப்ரிமான்ட், கூப்பர்டினோ, சான் ரமோன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பேச்சு ஒன்றையே சுற்றிவரும். பெர்க்லி இல்லை, யூசிஎல்ஏவும் இல்லை. கையில் இருப்பது சுமாரான பெயருள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் அனுமதிக் கடிதம். அதில் சேர்ந்து ஒன்றிரண்டு ஆண்டு படித்து, நல்ல மதிப்பெண் எடுத்து, அங்கிருந்து பெர்க்லிக்கு மாறிக்கொள்வதா? அல்லது வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு பக்கத்துக் கம்யூனிட்டி காலேஜில் இரண்டு ஆண்டு படித்துவிட்டு மாறுவதா?

முதல் வழிதான் கௌரவம் என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கோயம்புத்தூரிலிருந்து போனில் பேசும் பாட்டிக்குப் பல்கலைக்கழகம் என்றால் உடனே புரியும். “கம்யூனிட்டி காலேஜ்னா என்னடா கண்ணு, டுடோரியல் மாதிரியா?” என்று கேட்டுவிட்டால் பதில் சொல்லி மாளாது. நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையைத் தவிர இன்னொரு நியாயமும் சொல்வார்கள்: பல்கலைக்கழகத்தில் படித்தவனைத்தானே இன்னொரு பல்கலைக்கழகம் மதிக்கும்? கேட்கச் சரியாகவே இருக்கிறது. தனியார் பல்கலைக்கழகங்கள் சிலவற்றைப் பொறுத்தவரை இதில் ஓரளவு உண்மையும் உண்டு. பெர்க்லி, யூசிஎல்ஏ விஷயத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். அங்கே கம்யூனிட்டி காலேஜ்தான் ராஜபாட்டை. வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வருபவர்தான் சந்துக்குள் புகுந்து வர வேண்டும்.

ஏன் இப்படி என்று தெரிய 1960க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த கிளார்க் கெர் அதன் முதன்மைச் சிற்பி. ஆளுநர் பாட் பிரவுன் அதைச் சட்டமாக்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகக் கல்லூரி வாசலுக்கு வரப்போகிறார்கள், அத்தனை பேருக்கும் பெர்க்லியைக் கட்டிக்கொடுக்க முடியாது என்பதுதான் அவர்கள் முன்னிருந்த பிரச்சினை. பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினர் யூசி எனப்படும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சேரலாம். முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலக் கல்லூரிகள். அவைதாம் இன்றைய சிஎஸ்யூ. மற்ற எல்லோருக்கும், எந்த மதிப்பெண்ணும் கேட்காமல், அன்று ஜூனியர் காலேஜ் என்று அழைக்கப்பட்ட கம்யூனிட்டி காலேஜ்கள். பதினேழு வயதில் ஒரு பிள்ளையைத் தரம் பிரித்து அதோடு கதவைச் சாத்திவிடுவது நியாயமாகாது என்பதால் கூடவே ஒரு வழியையும் திறந்து வைத்தார்கள்: முதல் இரண்டு ஆண்டு கம்யூனிட்டி காலேஜில், அடுத்த இரண்டு ஆண்டு பல்கலைக்கழகத்தில். அப்படி வருபவர்களுக்கு யூசி தன் மூன்றாம் ஆண்டில் இடம் வைத்திருக்க வேண்டும். புதுமுக மாணவர் இருவருக்கு மாற்று மாணவர் ஒருவர் என்ற விகிதம் இன்றும் யூசியின் இலக்காக இருக்கிறது.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர் நேரே பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரும் லேட்டரல் என்ட்ரி தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாட்டிக்கு அதைச் சொல்லிப் புரியவைக்கலாம். கலிபோர்னியாவில் சேர்வது மூன்றாம் ஆண்டில் என்பது ஒரு வித்தியாசம். கடைசியில் வாங்கும் பட்டத்தில் கம்யூனிட்டி காலேஜின் பெயர் எங்கும் இருக்காது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பாட்டி சமாதானம் ஆகிவிடுவார். அப்பா அம்மாதான் ஆக மாட்டார்கள்.

அவர்களுக்குக் கணக்கு வேண்டும். கலிபோர்னியாவில் இப்போது 116 கம்யூனிட்டி காலேஜ்கள் உள்ளன. யூசிக்கு மாறி வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இவற்றிலிருந்துதான் வருகிறார்கள். யூசிஎல்ஏ புதுமுக விண்ணப்பங்களில் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேரைத்தான் எடுக்கிறது. மாற்று விண்ணப்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவரை எடுக்கிறது. இது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்த சராசரி என்பதை மறந்துவிடக் கூடாது. வரலாறு, சமூகவியல் பக்கம் கதவு அகலம். கணினி அறிவியல் பக்கம் போனால் நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. நம் வீடுகளில் எந்தப் பாடத்தைக் கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரி, பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டு மாற நினைக்கும் பிள்ளைக்கு என்ன ஆகிறது? ஒரிகனிலோ அரிசோனாவிலோ ஒரு பெண் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஆண்டு முடிவிலேயே பெர்க்லிக்கு மாறிவிடலாம் என்பது அவள் எண்ணம். பெர்க்லியும் யூசிஎல்ஏவும் மாற்று மாணவர்களை மூன்றாம் ஆண்டில்தான் சேர்க்கின்றன. அதாவது 60 செமஸ்டர் யூனிட் முடிந்திருக்க வேண்டும். எனவே இரண்டாம் ஆண்டும் அங்கேயே ஓடுகிறது. யூனிட் கூடிக்கொண்டே போனால் எதிர்ப்பக்கத்துச் சிக்கல் வரும். நான்காண்டுக் கல்லூரியில் படித்தவர்களுக்கு ஓர் உச்சவரம்பு இருக்கிறது. வளாகத்துக்கு வளாகம் மாறினாலும் 80 யூனிட்டை ஒட்டித்தான் அது நிற்கும். அதைத் தாண்டினால் ‘இவர் படிப்பை முடிக்கும் நிலைக்கு வந்துவிட்டார்’ என்று விண்ணப்பத்தை ஒதுக்கிவிடலாம். கம்யூனிட்டி காலேஜில் மட்டும் படித்தவருக்கு இந்தக் கவலையே இல்லை. எத்தனை யூனிட் படித்திருந்தாலும் யூசி 70ஐ மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்குப் பாடம் படித்ததாக மட்டும் குறித்துக்கொள்ளும்.

இதைவிடப் பெரிய தொல்லை பாடங்களைப் பொருத்துவதில் இருக்கிறது. கலிபோர்னியாவில் ‘அசிஸ்ட்’ என்று ஒரு பொதுத் தரவுத்தளம் உண்டு. எந்தக் கம்யூனிட்டி காலேஜின் எந்த வகுப்பு, எந்த யூசி வளாகத்தின் எந்த வகுப்புக்குச் சமம் என்று வரிக்கு வரி அதில் பார்க்கலாம். அது பேச்சுவாக்கில் சொன்ன வாக்குறுதி இல்லை. இரு நிறுவனங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்துக்கோ தனியார் கல்லூரிக்கோ அதில் இடம் கிடையாது. அந்தப் பெண் ஒரிகனில் படித்த கால்குலஸ் வகுப்பு பெர்க்லியில் கால்குலஸாகவே எண்ணப்படுமா, வெறும் விருப்பப் பாட யூனிட்டாகச் சுருங்கிப்போகுமா என்பதை விண்ணப்பத்துக்கு முன்னால் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அமெரிக்க அரசின் தணிக்கைத் துறையான ஜிஏஓ 2017இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தங்கள் யூனிட்டுகளில் 43 விழுக்காட்டை இழந்திருந்ததாக மதிப்பிட்டது. 2004க்கும் 2009க்கும் இடையே மாறியவர்களைப் பற்றிய கணக்கு அது. கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறியவர்களும் அதில் அடக்கம். நாடு தழுவிய இந்த இழப்பைத் தவிர்க்கத்தான் அசிஸ்ட் போன்ற ஏற்பாடுகள் இருக்கின்றன. பயன்படுத்தாதவருக்கு அவை இருந்தும் இல்லாத மாதிரிதான்.

கம்யூனிட்டி காலேஜ் மாணவருக்கு மட்டுமே உள்ள இன்னொரு சலுகையைப் பலர் அரைகுறையாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள். சுருக்கமாக ‘டேக்’ என்று சொல்லப்படும் அனுமதி உத்தரவாதம் அது. டேவிஸ், அர்வைன், சான்டா பார்பரா, சான்டா க்ரூஸ், ரிவர்சைட், மெர்சட் ஆகிய ஆறு யூசி வளாகங்கள் இதைத் தருகின்றன. குறிப்பிட்ட பாடங்களை முடித்து, குறிப்பிட்ட ஜிபிஏவை எட்டினால் இடம் நிச்சயம். ஒரு வளாகத்துக்கு மட்டுமே கேட்கலாம். அதைக் கேட்டதால் மற்ற வளாகங்களுக்கு விண்ணப்பிக்கத் தடையில்லை. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ மூன்றும் இந்த ஏற்பாட்டில் கிடையாது. “எங்க பையன் டேக் போட்டு பெர்க்லி போயிடுவான்” என்று யாராவது சொன்னால் அங்கேயே திருத்திவிடுவது நல்லது. கணினி அறிவியல் போன்ற நெரிசலான பாடங்களை டேக்கிலிருந்து விலக்கிவைத்த வளாகங்களும் உண்டு. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். எதிர்வீட்டு அண்ணன் மூன்று ஆண்டுக்கு முன்னால் போன வழி இன்று திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு சொன்னபின் கம்யூனிட்டி காலேஜ் என்பது சும்மா போய் உட்கார்ந்தால் போதும் என்கிற இடமாகத் தோன்றிவிடும். அப்படி நினைத்துத்தான் பலர் அங்கே சிக்கிக்கொள்கிறார்கள். ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்க்கலாம்.

கூப்பர்டினோவில் உள்ள டி அன்சா கல்லூரி குவார்ட்டர் முறையில் இயங்குகிறது. இலையுதிர்காலம், குளிர்காலம், வசந்தம் என்று ஆண்டுக்கு மூன்று பருவம். தனியே ஒரு கோடைப் பருவம். கணினியோ பொறியியலோ வேண்டும் என்கிற மாணவன் எடுக்க வேண்டிய கால்குலஸ் அங்கே மேத் 1ஏ, 1பி, 1சி, 1டி என்று நான்கு வகுப்புகளாகப் பிரிந்திருக்கிறது. அதன் பிறகு வகைக்கெழுச் சமன்பாடுகளுக்கு 2ஏ, நேரியல் இயற்கணிதத்துக்கு 2பி. 1ஏ முதல் 1டி வரை ஒன்றை முடிக்காமல் அடுத்ததற்குள் போக முடியாத வரிசை. முதலாண்டு மூன்று பருவத்தில் 1ஏ, 1பி, 1சி. இரண்டாம் ஆண்டு மூன்று பருவத்தில் 1டி, 2ஏ, 2பி. ஆறு பருவத்துக்கு ஆறு வகுப்பு, இடையில் மூச்சுவிட இடமில்லை. கால்குலஸ் தெரிந்தால்தான் இயற்பியல் 4ஏவுக்குள் நுழைய முடியும் என்பதால் அந்த வரிசையும் இதன் பின்னாலேயே நகரும். பள்ளியில் ஏபி கால்குலஸ் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் ஒன்றிரண்டு வகுப்பைத் தாண்டித் தொடங்கலாம். ப்ரீகால்குலஸில் தொடங்க வேண்டியவனுக்கு அந்த ஆறும் எட்டாகலாம். அவன் கோடையிலும் படிக்க வேண்டும், அல்லது மூன்றாம் ஆண்டும் அங்கேயே இருக்க வேண்டும்.

இத்தோடு தேதிகளையும் சேர்த்துப் பாருங்கள். டேக் விண்ணப்பம் செப்டம்பர் மாதம் முழுவதும் திறந்திருக்கும். யூசி விண்ணப்பம் அக்டோபர் 1 முதல் நவம்பர் கடைசி வரை அனுப்பலாம். இரண்டே ஆண்டில் மாற வேண்டும் என்றால் இவை வருவது இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில். ஆக, யூசி பார்க்கும் மதிப்பெண்களில் பெரும்பகுதி முதல் ஆண்டு மதிப்பெண். பள்ளி முடித்த களைப்பில் முதல் ஆண்டைக் கொஞ்சம் ஓய்வாகக் கழிக்கலாம், இரண்டாம் ஆண்டில் பிடித்துவிடலாம் என்று நினைப்பவனுக்குப் பிடிப்பதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

நாடு முழுவதும் எடுத்த கணக்கு இதைத்தான் சொல்கிறது. கம்யூனிட்டி காலேஜில் சேர்பவர்களில் பெரும்பாலோர் இளங்கலைப் பட்டம் வரை போகும் எண்ணத்தோடுதான் சேர்கிறார்கள். நான்காண்டுக் கல்லூரிக்கு உண்மையில் மாறுபவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்குபவர்கள் நூற்றுக்குப் பதினாறு பேர்தான். இந்த எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். குழந்தையை வளர்த்துக்கொண்டு படிக்கும் தாய்மார்கள், இரவு வேலை பார்த்துக்கொண்டு ஒரு பருவத்துக்கு ஒரு வகுப்பு எடுப்பவர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். முழுநேரம் படிக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளையின் நிலை வேறு. ஆனால் அலட்சியமாகவும் இருக்க வேண்டாம். அந்தப் பிள்ளைகளிலும் கணிசமானோர் இலக்கில்லாமல் வகுப்புகளை எடுத்து, பாடத்தை இருமுறை மாற்றி, மூன்று நான்கு ஆண்டு அங்கேயே கழித்துவிடுகிறார்கள். தடுப்பார் யாருமில்லை. விடுதி இல்லை, ஒரே வயதுக்காரர்கள் ஒன்றாக நகரும் வேகம் இல்லை. மூன்று மணிக்கு வகுப்பு முடிந்ததும் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

அதனால் மதிப்பெண்ணைவிடப் பிள்ளையின் சுபாவத்தைப் பார்க்க வேண்டும் என்பேன். தானாக நாட்காட்டி பார்த்து, தானாகக் கவுன்சிலரிடம் நேரம் வாங்கி, அவர் சொன்னதை அசிஸ்டில் சரிபார்க்கிற பிள்ளைக்குக் கம்யூனிட்டி காலேஜ் அருமையான இடம். யாராவது தள்ளிக்கொண்டே இருந்தால்தான் நகரும் பிள்ளைக்கு, விடுதியும் நண்பர்களும் கட்டாயமும் உள்ள ஒரு சாதாரணப் பல்கலைக்கழகம் எவ்வளவோ மேல்.

பணத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. கலிபோர்னியாவாசிக்குக் கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் யூனிட்டுக்கு 46 டாலர். 2012 முதல் இதே தொகைதான். ஆண்டுக்கு 30 யூனிட் என்றால் 1,380 டாலர். முதன்முறையாக முழுநேரம் படிக்க வருபவருக்கு அதையும் தள்ளுபடி செய்யும் கல்லூரிகள் நிறைய. யூசியில் கல்விக் கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 14,000 டாலரைத் தாண்டும். விடுதி, சாப்பாடு சேர்ந்தால் 40,000ஐத் தாண்டும். வருமானம் குறைந்த குடும்பத்துக்கு யூசி தரும் உதவித்தொகை இந்த இடைவெளியை ஓரளவு மூடிவிடும். நல்ல சம்பளம் வாங்கும், ஆனால் உதவித்தொகைக்குத் தகுதிபெறாத நடுத்தர ஐடி குடும்பத்துக்குத்தான் முழுத் தொகையும் கையைக் கடிக்கும்.

எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மத்திய அரசின் கல்வி உதவி எதுவும் அவர்களுக்குக் கிடையாது. 21 வயது நிறைந்தால் எச்-4 முடிந்துபோகும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டியிருக்கும். கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டில் மாறுகிறவனுக்கு, கல்லூரி மாறுவதும் விசா மாறுவதும் ஒரே சமயத்தில் வந்து நிற்கலாம். முன்கூட்டியே வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். சென்னையிலிருந்து நேரே மாணவர் விசாவில் வருபவர்களுக்கு 46 டாலர் கட்டணம் பொருந்தாது. அதைப்போலப் பல மடங்கு கட்ட வேண்டும். ஆனாலும் யூசி, வெளிநாட்டு மாணவர்களிடம் வழக்கமான கட்டணத்துக்கு மேல் கூடுதலாக ஆண்டுக்கு 34,000 டாலருக்கு மேல் வாங்குகிறது. அதில் இரண்டு ஆண்டு மிச்சமாவது சின்ன விஷயமில்லை. டேக் உத்தரவாதமும் அவர்களுக்கு உண்டு.

இனி ஸ்டான்ஃபோர்ட், ஹார்வர்ட், பிரின்ஸ்டன் வகை. இங்கே கணக்கு முற்றிலும் வேறு. யூசிக்கு மாநிலச் சட்டமும் கடமையும் உண்டு; இவர்களுக்கு எதுவும் கிடையாது. ஸ்டான்ஃபோர்ட் மாற்று விண்ணப்பங்களில் நூறில் ஒன்றிரண்டைத்தான் எடுக்கிறது. பிரின்ஸ்டன் 1990இல் மாற்று மாணவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிட்டு 2018இல்தான் மறுபடி தொடங்கியது. அப்போதும், ராணுவத்தில் பணிபுரிந்தவர்கள், வருமானம் குறைந்த குடும்பத்தினர், கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள் ஆகியோரைக் கொண்டுவருவதே நோக்கம் என்று சொல்லித்தான் தொடங்கியது. ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை கம்யூனிட்டி காலேஜிலிருந்து மாறுபவர்களுக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தருகிறது; அதுவும் பணவசதி குறைந்தவர்களுக்கு. இரண்டு வாகனமும் சொந்த வீடும் உள்ள கூப்பர்டினோக் குடும்பத்துப் பிள்ளை, கம்யூனிட்டி காலேஜ் வழியாகப் போனால் இந்தக் கரிசனம் தனக்கும் கிடைக்கும் என்று எண்ணினால் ஏமாந்துதான் போவான்.

இத்தகைய இடங்கள் பள்ளி மதிப்பெண்ணையும் பேராசிரியர்களின் பரிந்துரைக் கடிதத்தையும் கேட்கின்றன. ஏன் மாற விரும்புகிறாய் என்பதற்கு நம்பும்படியான காரணத்தையும் எதிர்பார்க்கின்றன. யூசி மாற்று மாணவரின் பள்ளி மதிப்பெண்ணைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பரிந்துரைக் கடிதம் வழக்கமாகக் கேட்பதில்லை. எஸ்ஏடி தேர்வை 2021 முதல் எவருக்கும் பார்ப்பதில்லை. பதினொன்றாம் வகுப்பில் சறுக்கிய பிள்ளைக்கு யூசி தரும் புதுத் தொடக்கத்தை ஹார்வர்ட் அவ்வளவு எளிதில் தராது.

பெயர் பெற்ற இருவரைப் பார்த்தால் இரு வழியும் தெரியும். பராக் ஒபாமா லாஸ் ஏஞ்சலஸில் ஆக்ஸிடென்டல் என்ற சிறிய நான்காண்டுக் கல்லூரியில் இரண்டு ஆண்டு படித்து 1981இல் கொலம்பியாவுக்கு மாறினார். மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் போட்டியில் முன்னணியில் நின்ற கிரெய்க் வென்டர், வியட்நாம் போரில் கடற்படை மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டு வந்து, காலேஜ் ஆஃப் சான் மட்டேயோ என்ற கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்தார். அங்கிருந்து யூசி சான் டியேகோ போய் முனைவர் பட்டம் வரை வாங்கினார். தனியார் இடத்துக்குத் தனியார் கல்லூரி வழி, யூசிக்குக் கம்யூனிட்டி காலேஜ் வழி. இருவர் கதையை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் எந்தப் பாதை எதை நோக்கிப் போகிறது என்பதற்கு மோசமான உதாரணங்கள் இல்லை.

கலிபோர்னியாவுக்கு வெளியே வசிப்பவர்கள் தங்கள் மாநிலத்தின் ஏற்பாட்டைத் தேடிப் பார்க்க வேண்டும். வர்ஜீனியாவில் கம்யூனிட்டி காலேஜ்களுக்கும் வர்ஜீனியாப் பல்கலைக்கழகம், வர்ஜீனியா டெக் போன்றவற்றுக்கும் உத்தரவாத ஒப்பந்தங்கள் உள்ளன. ஃப்ளோரிடாவில் இரண்டாண்டு ஏஏ பட்டம் முடித்தவருக்கு மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் ஏதாவது ஓரிடம் உண்டு. எந்த வளாகம், எந்தப் பாடம் என்பது உறுதியில்லை. இதுபோன்ற ஏற்பாடு இல்லாத மாநிலத்தில் நான்காண்டுக் கல்லூரிதான் பாதுகாப்பு. கார்னெல் சிலருக்கு ‘இப்போது இடமில்லை, வேறிடத்தில் ஓராண்டு இந்தப் பாடங்களை இந்த மதிப்பெண்ணோடு முடித்துவிட்டு வா’ என்று எழுத்திலேயே தருகிறது. அப்படியொரு கடிதம் கையில் இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு அது சொல்வதைச் செய்யலாம்.

இரு வழியிலும் பேசாமல் விடப்படும் இழப்பு ஒன்று உண்டு. மூன்றாம் ஆண்டில் புதிதாக வந்து சேரும் மாணவனுக்கு நேரம் போதாது. கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் செப்டம்பரிலேயே வளாகத்துக்கு வந்துவிடும். அவனோ அப்போதுதான் எந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருப்பான். அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு கோடை. ஆய்வுக்கூடத்தில் சேர, பேராசிரியரோடு பழக, முனைவர் படிப்புக்குக் கடிதம் வாங்க நான்கு ஆண்டு இருப்பவனுக்கு உள்ள அவகாசம் இவனுக்கு இல்லை. புது இடத்தில் ஜிபிஏ சுழியத்திலிருந்து தொடங்கும்; முதல் பருவத்தில் அது கொஞ்சம் இறங்குவதும் வழக்கம். யூசியில் மாற்று மாணவர்கள் கடைசியில் மற்றவர்களுக்கு இணையாகப் பட்டம் முடித்துவிடுகிறார்கள் என்பது உண்மைதான். அந்த இரண்டு ஆண்டும் மூச்சு முட்ட ஓடினார்கள் என்பதும் உண்மை.

பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மாற நினைப்பவனுக்கு இதைவிட மோசமாகவும் ஆகலாம். எப்போது கிளம்பலாம் என்று பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டே விடுதியில் இருப்பவன், அங்குள்ள சங்கங்களில் சேர மாட்டான், ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்க்க மாட்டான். இடம் மாறாமலே போய்விட்டால் இரண்டு ஆண்டை அவன் வாசலில் நின்றே கழித்திருப்பான்.

ஆகவே முடிவெடுக்கும் வீடுகளுக்கு நான் சொல்லும் சோதனை இதுதான்: பெர்க்லி கிடைக்காமல் போனால் என்ன மிஞ்சும் என்று இரு பக்கமும் எழுதிப் பாருங்கள். கம்யூனிட்டி காலேஜ் வழியில் சென்றவனுக்குப் பாடம் ஒத்துவந்தால் டேக் மூலம் டேவிஸோ அர்வைனோ மிஞ்சும். கணினியை விட மாட்டேன் என்பவனுக்கு சான் ஹோசே ஸ்டேட் போன்ற ஒரு சிஎஸ்யூ மிஞ்சலாம். முதலில் வேறு பாடத்தில் நுழைந்து உள்ளே போய்க் கணினிக்கு மாறிக்கொள்ளலாம் என்ற யோசனையை இப்போதெல்லாம் நம்பக் கூடாது. பல்கலைக்கழக வழியில் சென்றவனுக்கு மிஞ்சுவது, இன்று கடிதம் கொடுத்திருக்கும் அதே பல்கலைக்கழகம். அங்கே நான்கு ஆண்டும் இருந்து பட்டம் வாங்கினால் பிள்ளை சந்தோஷமாக இருப்பானா? ஆம் என்றால் மாறும் யோசனையை விட்டுவிட்டு அங்கேயே மனதைக் கொடுத்துப் படிக்கட்டும். ரிவர்சைடிலோ சான்டா க்ரூஸிலோ விரும்பிய பாடத்திலேயே இடம் கிடைத்திருக்கும்போது, பெர்க்லி என்ற பெயருக்காக அதை உதறிவிட்டுக் கம்யூனிட்டி காலேஜுக்குப் போவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அங்கே சந்தோஷமாக இருக்க மாட்டான் என்று பதில் வந்தால், அந்த முன்பணத்தைக் கட்டக் கூடாது.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும், இலையுதிர்காலத்தில் ஏதாவது ஒரு கல்லூரியில் முறைப்படி சேர்ந்துவிட்டால் யூசிக்குப் புதுமுக மாணவராக மறுபடி விண்ணப்பிக்க முடியாது. பள்ளியில் இருந்தபோது எடுத்த கல்லூரி வகுப்புகளும், பள்ளி முடித்த கையோடு வரும் கோடை வகுப்பும் இந்தக் கணக்கில் வராது. ‘ஆறு மாதம் போய்ப் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் அடுத்த ஆண்டு புதிதாக விண்ணப்பிக்கலாம்’ என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கம்யூனிட்டி காலேஜுக்கு மே 1 என்ற கெடு கிடையாது; ஆகஸ்டில் போய்ச் சேர்ந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் சேர்வது வேறு, வகுப்பில் இடம் பிடிப்பது வேறு. அறிமுக வகுப்பை முடித்து, கவுன்சிலரோடு உட்கார்ந்து கல்வித் திட்டம் எழுதியவர்களுக்குத்தான் பதிவில் முன்னுரிமை. முதலில் நிரம்புவது கணக்கு வகுப்புகள். ஏப்ரலிலேயே விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, மேத் 1ஏவில் இடம் உறுதியாகும் வரை விடாமல் பின்தொடர வேண்டும். காத்திருப்போர் பட்டியலில் நின்று அந்த ஒரு வகுப்பைத் தவறவிட்டால், மேலே சொன்ன ஆறு வகுப்பு வரிசை முழுவதும் ஒரு பருவம் தள்ளிப்போகும். இயற்பியலும் கூடவே தள்ளிப்போகும்.